மென்பொருள் வேண்டாம் என்று எழுதிய ஜரினா

ஜரினா இறந்துவிட்ட செய்தி ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் சேலத்திலிருந்து வரும் பேருந்தில் இருந்தேன். சிகிச்சையில் இருந்தவர்தான், தேறிவிடுவார் என்று நம்பியிருந்தோம். தொப்பூரில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நகரவில்லை. காரிமங்கலம் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி வூட்ல எப்பவும் பெருமையாத்தாங்க பேசுவா" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் மாம்பழக்கூழ் ஆலையின் தொழில் பகுப்பாய்வுப் பிரிவில் இன்று ஏழு பேர் இருக்கிறார்கள். அன்று ஜரினா ஒருவர்தான். பழப் பரிசோதனை அறையிலிருந்து வந்தவர். எந்த வேலைக்கும் கணினியைக் கொண்டுவருமுன், அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. முதலாளி ஒரு சீசன் கெடு கொடுத்திருந்தார். உருப்படியாக ஒன்றும் நடக்காவிட்டால் பிரிவை மூடிவிடுவார். ஜரினா பழைய அறைக்கே திரும்ப வேண்டியதுதான். கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதில் எரிச்சல். நான் செய்யாத எதை இந்தப் பெண் செய்துவிடப் போகிறாள் என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் வாசலில் மாம்பழ வண்டிகள் நாள் முழுக்க நின்று பழம் நைந்துகொண்டிருந்தது. கைபேசியில் டோக்கன் கொடுக்கும் செயலி ஒன்று செய்ய முதலாளிக்கு ஆசை. இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நானும் வாக்குக் கொடுத்தாயிற்று. ஜரினாவோ வாசலில் போய் ஓட்டுநர்களோடு நின்றார். "கால் வலிக்க நிக்கறவங்கள கேக்காம, ரூம்ல உக்காந்து என்னங்க சார் தெரியும்?" என்று மூன்றாம் நாள் என்னையும் இழுத்துப் போனார்.

"ஏங்க எல்லாரும் ஒரே நேரத்துல வர்றீங்க?" என்று கம்பைநல்லூர் ஓட்டுநர் ஒருவரைக் கேட்டார். அவர் சிரித்துவிட்டார். "உங்க ஆளுங்கதாம்மா எல்லாருக்கும் ஒண்ணா போன் போட்டு, உடனே வா, உடனே வாங்கறாங்க." கோளாறு நம் கொள்முதல் ஆட்களிடமே இருந்தது. ஊர்வாரியாக நேரம் பிரித்துக் கூப்பிட்டால் போதும்.

மென்பொருள் தேவையில்லை என்று தன் கைப்பட ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதினார் ஜரினா. முதலாளி கொதித்தார். "ஒண்ணும் வேணாம்னு சொல்றதுக்கு ஒரு டிப்பார்ட்மெண்டா?" என்றவர் என் பக்கம் திரும்பி, "நீங்களும் நின்னு பாத்தீங்களே, என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் பார்த்ததைச் சொல்லியிருக்க வேண்டும். "செயலியே செஞ்சிரலாங்க" என்றேன். ஜரினா என் பக்கம் பார்க்கவே இல்லை. "ஒரு வாரம் குடுங்கய்யா. வரிசை குறையலன்னா நானே பழைய ரூமுக்குப் போயிடறேன்" என்றார்.

ஊர்வாரியாகக் கூப்பிட ஆரம்பித்த ஐந்தாம் நாள் மத்தியானம் வாசலில் நான்கே வண்டிகள் நின்றன. பிரிவு பிழைத்தது. கோப்பில் சேர்ந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தால், அவர் பெயருக்குக் கீழே அவர் கையாலேயே எழுதிய என் பெயர். பதறிப்போய்க் கேட்டேன். "வெயில்ல நீங்களும்தானே சார் நின்னீங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பிரிவைத் தொடங்கிய இருவர் என்று எங்களைச் சேர்த்தே சொன்னார்கள். நானும் சால்வை வாங்கிக்கொண்டேன், மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று முதலாளியிடம் நான் மாற்றிச் சொன்னதை ஜரினாவும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட. தொடங்கியவர் ஒருவர்தான், நண்பர்களே.

அந்த அறிக்கை இப்போது என்னிடம் இருக்கிறது. என் பெயரை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஜரினாவின் கையெழுத்தாயிற்றே, மனம் வரவில்லை.