அப்பா கொண்டுவந்த பீசாங் கோரெங்

நான் தாதியாக இருக்கும் சுங்கைப்பட்டாணிப் பள்ளியில் ஜியா என்ற கொரியச் சிறுமி படிக்கிறாள். திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று வந்து படுத்துக்கொள்வாள். அவள் படிப்புக்காகத் தாயும் மகளும் இங்கே இருக்கிறார்கள். அப்பா கொரியாவில், ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் பார்ப்பார்.

இன்று அவளை அழைத்துப்போக வந்த தாய், அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எண்ணெய் வாசனை அடித்தது. இவள் அப்பா அனுப்பும் இந்தத் தின்பண்டம்தான் காரணம், இனி அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

எனக்கு ஒன்பது வயதில், என் படிப்புக்காக அம்மா அலோர் ஸ்டாரில் அறை எடுத்தார். அப்பா கோலா கெத்தில் ரப்பர் தோட்டத்திலேயே பால்மரம் சீவினார். ஞாயிறு பஸ்ஸில் வருவார். சட்டையில் ரப்பர் பால் வாடை, கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் சூடாறிய பீசாங் கோரெங், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம்.

"அப்பாகிட்ட அழுது வைக்காத. அவரு அங்க தனியா கிடக்காரு" என்று அம்மா முன்னமே சொல்லிவைப்பார்.

"ஸ்கூல் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

அவர் பஸ் கிளம்பியதும் எனக்கு வயிறு பிசையும், வாந்தி வரும். அம்மா பேதி மருந்து கொடுத்துப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "நீங்க வாங்கியார்ற பீசாங் கோரெங்தான் புள்ளைக்கு ஒத்துக்கல லா" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா வெறுங்கையோடு வந்தார். "என்னாலதான் ஒனக்கு வலி, இல்லம்மா?" என்று கேட்டார். நான் ஆமென்று தலையாட்டினேன். அன்றும் அவர் பஸ் கிளம்பியதும் வாந்தி எடுத்தேன்.

தின்பண்டம் வரட்டும் என்று ஜியாவின் தாயிடம் சொன்னேன். பிறகு ஜியாவிடம், நேற்று அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன்னு சொன்னேன்" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டே.