ஆறாவது துணுக்கு

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்பாவின் ஈறிலிருந்து ஐந்தாவது எலும்புத் துணுக்கை அவள் இடுக்கியால் எடுத்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா."

"நேத்து எக்ஸ்ரே எடுத்ததே நான்தானேப்பா! இது ஒண்ணுதான் மிச்சம் இருந்தது."

"அப்போ உன் மிஷினுக்குத்தான் கண்ணாடி போடணும்" என்று சிரித்தார்.

அவர் ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துபவர். உடைந்த சில்லுகளைச் செய்தித்தாளில் சேர்த்து முழுதாக்கிப் பார்க்காமல் எந்த வீட்டை விட்டும் கிளம்பமாட்டார். "ஒண்ணு விட்டாலும் யார் காலையாவது பதம் பாத்துடும்" என்பார்.

மூன்றாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்தவள் அவருடைய பட்டறைக்குள் போனாள். மேசையில் விரித்த செய்தித்தாளில் ஐந்து எலும்புத் துணுக்குகளும் விளிம்போடு விளிம்பு கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. நடுவில் மட்டும் அரிசியளவு இடைவெளி. அங்கேயே இருந்த எக்ஸ்ரே படத்தை எடுத்து விளக்கில் பிடித்தாள். படத்தில் விழுந்த கறை என்று அவள் ஒதுக்கிய வெள்ளைப் புள்ளி, அச்சு அசலாக அந்த இடைவெளியின் வடிவில் இருந்தது.

பக்கத்தில் கிடந்த கண்ணாடித் துண்டில், அளவு குறிக்கும் பென்சிலால் எழுதியிருந்தார்: "வெள்ளிக்கிழமை பல் டாக்டர்கிட்ட போய் மிச்சத்தை எடுக்கணும். பாப்பாகிட்ட சொல்ல வேண்டாம்."

அன்று வெள்ளிக்கிழமை.