காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பட்டாள லாரி

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "மிலிட்டரி லாரி நிக்குது பாரு ஒரு வூடு, அதுக்கு ரெண்டு வூடு தள்ளி" என்பார்கள். கூரியர் பையன் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் நாங்கள்தான் மைல்கல். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். டீச்சர் வீடு என்று பெயர் வந்திருக்கலாம். லாரி வீடு என்று வந்தது.

லாரி என் கணவருடையது. ரயில்வேயில் மேஜை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் கோயிலாகப் போவார்கள், மொட்டை மாடியில் கத்தரிச் செடி வைப்பார்கள். இவர் பட்டாளத்தில் கழித்துக் கட்டிய லாரிகளை வாங்கி ஓட வைப்பார். முன்பு வைத்திருந்தவர் நீலம் அடித்துவிட்ட ஒரு டன் வண்டி முதலில் வந்தது. அதற்குத் துணையாக மூன்று டன் வண்டி வந்தது. பக்கத்துக் காலி மனையில் இரண்டும் நின்றன. என் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "சார் டிரான்ஸ்போர்ட் நடத்துறீங்களா?" என்று கேட்டார்கள். என் மானம் அன்றைக்கே கப்பல் ஏறிவிட்டது. இவர் சந்தோஷமாக அவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், வண்டிக்கு அடியில் குனிய வைத்து, பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்புக் குண்டைக் காட்டினார். அதற்கு வெள்ளை அடித்திருக்கும். இருட்டில் விளக்கில்லாமல் வரிசையாகப் போகும்போது பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ஓட்டுவாராம். மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியோடு குனிந்து பார்த்தார். நல்ல மனிதர்கள், சம்பந்தம் நிலைத்தது.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். இளம் வயதில் அவர் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனார். ஓட்டத்தில் தேறினார், எடையில் தேறினார், கடைசியில் திரும்பி வந்தார். "மார்பு அரை அங்குலம் பத்தலை" என்று வீட்டில் சொன்னார். அவருடைய அண்ணன் தம்பிகள் இன்று வரைக்கும் அதைத்தான் நம்புகிறார்கள். நடந்தது வேறு. கடைசி அறையில் டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். முன்னால் நின்றவர்கள் எல்லாம் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள். இவருக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. பக்கத்தைப் புரட்டப் புரட்டப் புள்ளிகளே வந்தன. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு, எனக்குப் பிடித்த பச்சை என்று தானே தேடி எடுத்து ஒரு புடவை வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தால் தவிட்டு நிறம். விளையாடுகிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினேன். அன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். "இது உன்னோட இருக்கட்டும்" என்றார்.

என்னோடுதான் இருந்தது. அதற்கென்று எங்களுக்குள் ஒரு பழக்கமே உண்டாயிற்று. மார்க்கெட்டில் தக்காளியை எடுத்து விரலில் உருட்டுவார். நான் "ம்" என்றால் பழம். பேசாமல் நின்றால் காய். துணிக்கடையில் சட்டையின் காலரைத் தொடுவார், அதற்கும் ஒரு "ம்" உண்டு. கடைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, பெற்ற பெண்ணுக்கும் தெரியாது. வாழ்நாள் பூராவும் அவர் என்னிடம் கேட்ட பெரிய உதவி அந்த ஒரு "ம்" மட்டும்தான்.

மூன்று டன் வண்டியை இழுத்து வந்தபோது அது வண்டியாகவே இல்லை. தரைப் பலகை உளுத்து, கதவு கழன்று, பேட்டரி வைக்கும் இடத்தில் அணில் கூடு கட்டியிருந்தது. பம்மலில் தோல் பதனிட்ட பழைய ஷெட் ஒன்றில் பட்டறை வைத்திருக்கிறவர்களிடம் கொண்டுபோய் விட்டோம். இவர் தினமும் காலையில் கிளம்பிவிடுவார், மதியம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். கூண்டுக் கம்பிகளை நெருப்பில் காட்டி நிமிர்த்தினார்கள். கான்வாஸ் கூரையை ஷாமியானா தைப்பவரிடம் கொடுத்துத் தைத்தார்கள். ஒரு கண்ணாடி பிடிக்கும் கொக்கிக்காக ஊர் ஊராக அலைந்தார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நெற்றியில் கிரீஸோடு சாதத்தைப் பிசைந்துகொண்டு, "கடைசியில பச்சை ஏறட்டும், அப்புறம் பாரு" என்பார்.

சீட்டுக்கு அடியில் ஒரு கருவிப் பெட்டி கிடைத்தது. வெயில் படாததால் அதில் பழைய பட்டாளப் பச்சை மங்காமல் இருந்தது. "இதைத் தொடாதீங்க. அசல் அப்படியே இருக்கட்டும்" என்று துடைத்து வைத்தார்.

பெயிண்ட் அடிக்க வேண்டிய நேரத்தில் பெயிண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பம்மலிலேயே பிறந்து வளர்ந்த பாய், பழக இனிமையானவர்.

"அக்கா, சார் மிலிட்டரி பச்சைன்னு சொல்லிக்கினே கீறாரு. பட்டாளத்து வண்டிய தவிர வேற வண்டிக்கு அத்த அடிக்கக் கூடாதுக்கா. பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்சி குடுக்க மாட்டாரு. சார்கிட்ட எப்டி சொல்றதுன்னு பேஜாரா கீது."

ஆபீஸ் காகித வேலையெல்லாம் எப்போதும் என் பொறுப்பு, அதனால்தான் என்னிடம் சொன்னார். நான் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. உள்ளே போய், "என்னங்க, சட்டப்படி பச்சை கூடாதாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் மறுபடியும் அந்தத் தீபாவளி முகமாகிவிடும் என்று பயந்தேன். அது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஆறு மாதம் இவர் ஆபீஸ் ஆபீஸாக மனுவோடு ஏறி இறங்கிச் சண்டை போடுவார், அதை என்னால் தாங்க முடியாது என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் சொன்னேன்.

"காப்பிக்கொட்டை கலர் அடிச்சிடுங்க பாய். அவருக்கு வித்தியாசம் தெரியாது."

"இன்னாக்கா சொல்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிப் புத்தகத்தைக்கூடச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்கு அதன் உயிர்தான் போகும். நான் கெடுத்தது வேறொருவர் மானத்தை. பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்போ சிக்னல்ல எப்டி வண்டி ஓட்டறாரு சார்?" என்றான். "மேல எரிஞ்சா சிவப்பு, கீழ எரிஞ்சா பச்சை" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பெயிண்டர் டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு அடித்தார். காய்ந்ததும் இவர் அந்தப் பழைய கருவிப் பெட்டியை எடுத்துவந்து கதவோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "அச்சு அசல், பாய். உன் கைக்குக் காப்பு போடணும்" என்றார். பெயிண்டர் என்னைப் பார்க்கவேயில்லை. பெட்டியை வண்டியின் பக்கவாட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி, இவரே மாட்டினார். காப்பிக்கொட்டை நிற லாரியில் ஒரு பச்சைச் சதுரம்.

எஃப்சி கிடைத்தது. நிறம் எழுதியிருந்த காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூஜை போட திருநீர்மலை அடிவாரத்துக்கு லாரியிலேயே போனோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார். இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளி நின்று வண்டியைப் பார்த்தார். "மலையும் பச்சை, வண்டியும் பச்சை. நல்லா இருக்குல்ல?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஊரையே கூட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. தெருவில் யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால்? எதிர் வீட்டு அம்மாவிடம் சொன்னேன். அவர் தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு மாதத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வாக்கிங் போகிறவர்கள் நின்று, "சார், பச்சை சூப்பரா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். இவர் துணியை எடுத்து இன்னொரு முறை துடைப்பார். வேலை மெனக்கெட்டு அவரைப் பாராட்டியவர்களில் கெட்டவர் என்று யாருமில்லை. எல்லோரும் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்கள். நான் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நினைப்பேன்.

குடியரசு தினத்துக்கு நலச்சங்கத்தில் கொடியேற்றினார்கள். இவருடைய லாரியைத்தான் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். செவ்வந்திச் சரம் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தான் சேராத பட்டாளத்தின் வண்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். கொடியேற்ற ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்திருந்தார்கள். பெருங்களத்தூர்க்காரர், எங்களுக்கு முன்பின் பழக்கமில்லை. அவருக்கு எச்சரிக்கை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மிட்டாய் கொடுத்து முடிந்ததும் அவர் லாரியைச் சுற்றி வந்தார். கான்வாஸ் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து வெள்ளைக் குண்டைப் பார்த்தார். என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நேர்த்தியா பண்ணியிருக்கீங்க சார். அதைவிட ஒண்ணு எனக்குப் பிடிச்சது. இந்த மாதிரி வண்டி வாங்கறவங்க சட்டத்தை மதிக்காம பச்சை அடிச்சிடறாங்க. நீங்க ஒழுங்கா பிரவுன் அடிச்சு, அந்தப் பெட்டியை மட்டும் அடையாளத்துக்குப் பழைய பச்சையில விட்டிருக்கீங்க பாருங்க. அதான் மரியாதை."

என் கணவர் பெட்டியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு எங்களை எல்லாம் பார்த்தார். சுற்றி நின்ற எத்தனையோ முகங்களில் ஒன்றில்கூட ஆச்சரியம் இல்லை. எதிர் வீட்டு அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா சார். சட்டம்னா சட்டம்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் என் பங்குக்கு ஏதாவது சொல்லி அழுது தீர்த்திருப்பேன்.

"பட்டறையில தெரியுமா?"

"தெரியும்."

"தெருவுல?"

அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "பச்சை கூடாதுன்னு சொல்லியிருந்தா நானே வேற கலர் அடிக்கச் சொல்லியிருப்பேனே" என்றார். இதைத்தான் நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. அவர் சண்டை போடுவார் என்று நானே முடிவு செய்தேன், தாங்கமாட்டார் என்றும் நானே முடிவு செய்தேன்.

மறுநாள் அந்தப் பெட்டியைக் கழற்றி பம்மலுக்குக் கொண்டுபோய் அதற்கும் காப்பிக்கொட்டை நிறம் அடித்து வந்தார். மாட்டிவிட்டு, "இப்ப எல்லாம் ஒரே கலரா இருக்கா?" என்று கேட்டார். வாசலில் நின்ற என்னைக் கேட்கவில்லை. எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தடுமாறிப் போய், "இருக்கு சார்" என்றார்.

அந்த வாரம் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனோம். பேச்சுவார்த்தையெல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து விரலில் உருட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, அவசரமாக "ம்" என்றேன்.

அவர் தக்காளியைக் கடைக்காரம்மாவிடம் நீட்டினார்.

"எனக்குச் சிவப்பு பச்சை தெரியாதும்மா. இது பழமா, காயா?" என்று உரக்கவே கேட்டார். பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கை முழுக்க ஒளித்து வைத்ததை வெங்காயக் குவியலுக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டார்.

"இன்னா சார், வூட்டம்மா பக்கத்துலதானே கீறாங்க. அவங்கள கேளேன்."

"அவங்க எனக்குப் பிடிச்ச கலரைச் சொல்லிடுவாங்கம்மா. நீ இருக்கிற கலரைச் சொல்லு."

குரலில் கோபமே இல்லை. கடைக்காரம்மா தக்காளியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"செங்காய் சார். இன்னும் பழுக்கல" என்று தனியாக எடுத்து வைத்தாள்.

செங்காய்தான். இப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன்.