காங்கேசன்துறையில் ஒரு கப்பலுக்கு முறை கிடைத்த கதை

போன புரட்டாசியில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். "ஊர்ல எல்லாரும் நல்லூர் கோயிலுக்குப் போறாங்க, நீ கிரேன் இருக்கா இல்லையான்னு பாக்கப் போறியாக்கும்" என்றார் என் கணவர். தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் துறைமுக வாசலில் போய் நின்றால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

இன்றைக்கு உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. கடலைத் தோண்டு, தளத்தை நீட்டு, ஆளில்லாத கிரேன் வாங்கு, இல்லாவிட்டால் கப்பல் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்கிறார்கள். தோண்டுகிற இடத்தில் ஏற்கெனவே தொழில் செய்கிறவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் கடைசியில்தான் வரும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். இந்த ஓட்டத்தில் இப்போதுதான் கால் வைக்கிற ஒரு சின்னத் துறைமுகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

வியாழக்கிழமை காலை நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல். ஐந்தரை மணிக்கே துறைமுகத்தில் நிற்கச் சொன்னார்கள். கப்பல் கிளம்பும்போது எட்டு. கிட்டத்தட்ட நூற்றுப் பத்து கிலோமீட்டர், நாலு மணி நேரம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் முதல் ஒரு மணி நேரம் பக்திப் பாடல் கேட்டார், அடுத்த மூன்று மணி நேரம் பையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் நான்கு சாப்பிட்டேன், தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

காங்கேசன்துறையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது பழைய சீமெந்து ஆலைதான், நம் சிமெண்டுக்கு அங்கே அந்தப் பெயர். அலைதடுப்புச் சுவர், ஒரு தளம், கொஞ்சம் கிடங்கு. எங்கள் ஊர்க் கணக்கில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் கிருபா அண்ணை பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணம் நகரத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர். இலங்கைக் காசில் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார், இரண்டாயிரத்து இருநூறுக்குச் சம்மதித்தார். பேருந்தில் போனால் நூற்றுச் சொச்சம்தான். நான் ஆட்டோவில் போனது ஊர்க்கதை கேட்கத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவரையே கூட்டிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போனேன். துறைமுகம் பார்க்கிறவள் சந்தைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். துறைமுகத்துக்குச் சாப்பாடு போடுவது சந்தை. வாழைக்குலையும் முருங்கைக்காயும் தேங்காயும் மலையாகக் கிடந்தன. எல்லாம் கொழும்புக்குப் போகிற லாரிகளில் ஏறின. கொழும்பு முந்நூற்றெழுபது கிலோமீட்டருக்கு மேல். கப்பல் நிற்கிற காங்கேசன்துறையோ நாற்பது கிலோமீட்டருக்குள். ஆனால் அங்கே குளிர் அறை கிடையாது. அதனால் வருகிற கப்பல் சீமெந்தை இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறது. இந்த ஊர்த் துறைமுகத்தின் பெரிய நோய் இதுதான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதினேன். சாயங்காலமே அதைத் திருத்த வேண்டி வந்தது.

மாலை நான்கு மணிக்கு, துறைமுகத்துக்குக் கிழக்கே ஒரு சின்னக் கரைக்குக் கிருபா அண்ணை கூட்டிப்போனார். கரையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே படம் எடுக்க வரிசை கட்டி நிற்பீர்கள். அங்கே கரைவலை இழுக்கிறார்கள். வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்தே இழுக்கிற தொழில். வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்கிறார்கள். அந்தக் கரைக்கு ஏழு சம்மாட்டிகள். ஒருவருக்கு ஒருநாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அண்ணையின் மனைவியுடைய அக்கா செல்வராணி அந்த ஏழு பேரில் ஒருத்தி. மறுநாள் சனிக்கிழமை அவளுடைய முறை. வாடைக்காற்று எந்த நாளும் தொடங்கலாம், தொடங்கினால் மாசி வரை கரைவலை கிடையாது. அதனால் அவளுக்கு இந்தப் பருவத்தின் கடைசி முறை அதுவாகத்தான் இருக்கும். அவளை நம்பிப் பதினாறு குடும்பம் கயிறு பிடிக்கிறது.

நாங்கள் போனபோது மீனவர் சங்கக் கட்டடத்தின் முன்னால் சண்டை நடந்துகொண்டிருந்தது. சுரேந்தர் என்கிற முப்பது வயதுப் பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட நேரமில்லாமல் கத்திக்கொண்டிருந்தான். உள்ளூர்க் கப்பல் முகவர், அதாவது என் சாதி. சீமெந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது. கனமான கப்பல் என்பதால் கிழக்குப் பக்கம் அகலமாகச் சுற்றித்தான் உள்ளே வர முடியும். துறைமுகத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் வலைக்கயிறு கிடந்தால் கப்பலின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிவிடும், வரவே மாட்டேன் என்று கப்டன் சொல்லிவிட்டார். கப்பலுக்கும் விடியற்காலைக் கடல்தான் வேண்டும், வலைக்கும் அதே கடல்தான் வேண்டும்.

"அக்கா, நாளைக்கு ஒருநாள் வலையைப் போடாதேங்கோ. கம்பனி நட்டத்தைத் தரும். நான் வாங்கித் தாறன்."

"காசு வேண்டாம் தம்பி. என்ரை முறை வேணும்" என்றாள் செல்வராணி. "முறையை ஆரும் விக்கிறேல்லை. இண்டைக்கு நான் வித்தால், நாளைக்கு உன்ரை கம்பனி இந்தக் கரையையே விலை கேக்கும்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊர்ல கப்பல் வந்தா வள்ளம்தான் விலகும்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வராணி என்னைத் தலை முதல் கால் வரை அளந்துவிட்டு, "விலகினவை இப்ப எங்கை தங்கச்சி தொழில் செய்யினம்?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அதைக் கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை என்பது அந்த நிமிடம் சுருக்கென்று தைத்தது.

சங்கத் தலைவர் யோகராசா ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு சம்மாட்டி. ஞாயிற்றுக்கிழமை அவருடைய முறை. பீடியை அணைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"ராணி, முறையை மாத்துறது வழக்கம்தானே?"

"ஓம், சம்மாட்டியளுக்குள்ளை மாத்துவம். உவர் ஆர் எங்களுக்கு?"

"அப்ப கப்பலையும் சம்மாட்டியாக்குவம். எட்டாவது ஆள். ராணிக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை, அதின்ரை முறை. பிறகு ராணியும் கப்பலும் மாத்திக்கொள்ளட்டும். என்ரை முறை திங்களுக்குப் போகட்டும்."

எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். திங்கள் வரை காற்று பொறுக்காது, உங்கள் முறை போய்விடும் என்று ஒருவர் சத்தம் போட்டார். யோகராசா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"துறைமுகம் வளரத்தான் போகுது. அதை மறிக்க எங்களாலை ஏலாது, மறிக்கவும் வேண்டாம், எங்கடை பிள்ளையளுக்கும் அங்கை வேலை வரும். வெளியிலை நிக்கிற ஆளோடை ஒவ்வொரு முறையும் சண்டை பிடிக்கிறதிலும் பாக்க, உள்ளுக்கை எடுத்து எங்கடை ஒழுங்கிலை வைச்சிருப்பம்."

சுரேந்தருக்கு முகத்தில் உயிர் வந்தது. அவசரப்பட்டுத் தலையாட்டினான். செல்வராணி விடவில்லை. சம்மாட்டி என்றால் சும்மா இல்லையாம். அம்மன் கோயில் திருவிழாவில் ஒருநாள் செலவு கப்பலுடையது. தன் முறைக்குப் பிந்தி வந்தால் அடுத்த சுற்று வரும்வரை வெளியே நிற்க வேண்டும். முறை மாற்றிக்கொண்டால், மாற்றிக்கொண்டவருடைய ஆட்களும் வந்து கயிறு இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான்.

"கோயிலிலை கப்பலின்ரை பேர்லை அருச்சனை செய்யலாம். நட்சத்திரம் கேட்டால் என்ன சொல்லுறது?" என்று கிருபா அண்ணை கேட்டார்.

"கடலிலை போற சாமானுக்கு எல்லா நட்சத்திரமும்தான்" என்றார் யோகராசா. செல்வராணி அப்போதுதான் சிரித்தாள்.

சனிக்கிழமை நான் திரும்ப வேண்டிய நாள். கூடுதல் கட்டணம் கட்டிச் சீட்டைத் திங்களுக்கு மாற்றினேன். காலை ஆறரைக்கு அந்தக் கரையில் நின்று கப்பல் உள்ளே வருவதைப் பார்த்தேன். ஆயிரம் கப்பல் பார்த்த கண்தான். ஆனாலும் ஏழு சம்மாட்டிகளும் கரையில் நின்று, ஏதோ தங்கள் வள்ளம் வருகிறது என்பதுபோல் "இன்னும் கிழக்காலை, இன்னும்" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்ததை வேறு எந்தத் துறைமுகத்திலும் பார்த்ததில்லை. கப்பல் சுத்தமாகத் திரும்பி உள்ளே போனது.

அன்று இரவே காற்று மாறத் தொடங்கியது. ஞாயிறு காலையில் கடல் கலங்கிக் கிடந்தது. செல்வராணி கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "பிழை விட்டிட்டனோ தெரியேல்லை" என்று என்னிடமே சொன்னாள். ஆனாலும் வலை கடலுக்குப் போனது. சுரேந்தர் சொன்ன சொல் தவறாமல், சீமெந்து ஏற்றக் காத்திருந்த லாரிக்காரர்கள் ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தான். தானும் காற்சட்டையை மடித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். நானும் பிடித்தேன். மூன்று மணி நேரம் இழுத்து உள்ளங்கை உரிந்துபோனது. அதைப் பற்றிப் பிறகு யாரும் என்னிடம் அனுதாபப்படவில்லை.

வலையின் மடியில் சூடை மீன் நிறைய இருந்தது. மலைபோல என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லோர் முகமும் தெளிந்தது. செல்வராணி பங்கு பிரிக்கும்போது தன் பங்கில் பாதியை ஒதுக்கி யோகராசாவின் முன்னால் தள்ளினாள். "நாளைக்கு உங்களுக்குக் கடல் இல்லை, அண்ணை." அவர் வானத்தைப் பார்த்தார், மறுக்கவில்லை. "கப்பலுக்கும் கறிக்கு வையுங்கோ, அதுவும் சம்மாட்டிதானே" என்று மட்டும் சொன்னார். சுரேந்தர் ஒரு பை மீனை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான்.

திங்கட்கிழமை வாடை வீசிற்று. யோகராசா அண்ணையின் முறை கடலோடு போனது. நான் திரும்பிய கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஒரு இட்லிகூடச் சாப்பிடாமல் போனதற்காக என்னையே பாராட்டிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஐப்பசி முதல் தை வரை பயணிகள் கப்பலை நம்பாதீர்கள்; மழைக்காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள், மற்ற மாதங்களிலும் ஓடுகிற நாட்களை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணமும் விசா விதியும் அடிக்கடி மாறுகின்றன, நான் கொடுத்ததை நம்பிக் காசு எடுத்துப் போகாதீர்கள். துறைமுகத்துக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், வாசலில் நின்று வாதாட வேண்டாம். கரைவலை பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், கயிற்றைக் கொடுத்தால் பிடியுங்கள். கீரிமலைக் கேணி துறைமுகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். உரிந்த கையோடு அதில் இறங்காதீர்கள், எரியும்.

கொடிகாமத்தில் எழுதிய தீர்ப்பை நான் முழுதாக அழிக்கவில்லை. குளிர் அறை வேண்டும், ஆழம் வேண்டும், கிரேனும் வேண்டும். எல்லாம் வரும் என்றே நம்புகிறேன். ஆனால் அதையெல்லாம் வாங்கி வைத்திருக்கிற பெரிய துறைமுகங்கள் இன்னும் கண்டுபிடிக்காத ஒன்றை அந்தக் கரை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிட்டது. ஊருக்கு வந்ததும் எங்கள் அலுவலகத்தில் செல்வராணி கேட்ட கேள்வியைக் கேட்டேன். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இப்போது நானே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கரையோரம் போய் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை பாதியில் ஐந்து மாதம் கிடந்தது. போன வாரம் சுரேந்தர் தொலைபேசியில் கூப்பிட்டான். கடல் அடங்கிக் கரைவலை மறுபடி தொடங்கிவிட்டதாம், அன்று மாற்றிய முறையே நிலைத்துக் கப்பலுக்குப் பிறகுதான் செல்வராணியாம். அடுத்த சீமெந்துக் கப்பல் தன் முறைக்கு அரைநாள் பிந்தி வந்ததாம்.

"கப்டன் வெளியிலை நிண்டு கத்துறார், அக்கா. ஏன் உள்ளுக்கை விடேல்லை எண்டு கேட்டார். எங்கடை முறை நேற்று, இண்டைக்குச் செல்வராணியின்ரை முறை எண்டு சொன்னன். ஆர் அந்தச் செல்வராணி, துறைமுகத்துப் பெரிய அதிகாரியோ எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."