கப்பலிலிருந்து இறங்கி வந்தவள்

பேக்கரி வேன் ஓட்டும் அவருக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ரேடியோ. ரொட்டித் தட்டுகளை ஏற்றும்போதும் பேச்சு, இறக்கும்போதும் பேச்சு. கடைக்காரர்கள் சரக்கை வாங்கிக்கொண்டு ஆளைத் துரத்தாத குறையாக அனுப்பிவைப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பாழாய்ப்போன கட்டிக்கு உடம்பில் வேறு இடமா கிடைக்கவில்லை?

குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தப்பும், பேச்சு போய்விடும் என்றார் டாக்டர். இவர் கவலைப்பட்டது மனைவியை நினைத்துத்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் மனைவிக்குப் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு வீடு, தெரு, மகள் வளர்ந்தது எல்லாம் இவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பார்வை போன புதிதில் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் வம்படியாக சினிமாவுக்கு அழைத்துப் போனார். கடைசி வரிசையின் மூலையில் உட்கார்ந்து, படத்தை அவள் காதில் கிசுகிசுத்தார். சண்டைக் காட்சியில், அடிக்கிறான், இன்னும் அடிக்கிறான், எனக்கே வலிக்கிறது என்றார். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி முறைத்தார். இடைவேளைக்குப் பிறகு அவரே பின்னால் சாய்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார். படத்தை வாயால் சொன்னால் பாதி செத்துவிடும் என்று பேசுகிற மேதாவிகள் அந்த மூலையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் கதாநாயகி காதலனை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போகிறாள். இவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். போய்விட்டாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"இறங்கிட்டா. பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வர்றா."

வயலின் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. சந்தோஷம் என்றால் ஏன் இப்படி அழுகிறது என்று கேட்டாள். சந்தோஷம் தாங்காமல்தான் என்றார். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அதன் பிறகு வாரம் ஒரு படம் என்றானது. அந்தப் படத்தை மட்டும் நினைத்தபோதெல்லாம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியம், அம்மா தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்குப் பிடித்த அந்தப் படத்தை அப்பாவின் குரலிலேயே பதிந்துவைப்போம் என்றாள் மகள். அவள் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறவள், ஒரு புள்ளி பிசகினாலும் தூக்கம் வராது. படத்தைக் கணினியில் ஓடவிட்டு, போனை அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். கப்பல் வந்ததும் இவர் வழக்கம்போல கதாநாயகியை இறக்கிவிட்டார். மகள் பதிவை நிறுத்தினாள்.

"அப்பா, அவ போயிடறாளே. சரியாச் சொல்லுங்கப்பா. அம்மா காலம் பூரா கேக்கப்போறது இதத்தான்."

முடிவை ஏன் மாற்றினார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் எதிரில் பொய்யனாக நிற்க மனசு வரவில்லை. தொண்டை வேறு எரிந்தது. மனைவிக்கு அப்புறமாக விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, அவள் போய்விட்டாள் என்றே பதிந்தார். வாழ்நாள் முழுக்கப் பேசியே பழகிய மனிதருக்கு, இனி அப்புறம் என்று ஒன்று கிடையாது என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கழுத்தில் துளையும் அதை மூடிய துணியுமாக வீடு திரும்பினார். சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதுவார், மகள் படிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அந்தப் பதிவைக் கேட்டாள். அவர் குரல் வந்ததுமே அவள் முகம் மலர்ந்தது. இவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கப்பல் வந்தது. கதாநாயகி போய்விட்டாள். பதிவு முடிந்தது.

மனைவி அவர் இருந்த பக்கம் திரும்பினாள்.

"இறங்கி வந்தான்னுதானே சொன்னீங்க?"

அவர் சிலேட்டைத் தேடி எடுத்தார்.

"அப்ப வேற என்னெல்லாம் மாத்திச் சொன்னீங்க? இவ என்னை மாதிரியே இருக்கான்னு சொன்னீங்களே, அது?"

மகள் அப்படியே அம்மாவை உரித்துவைத்தவள். நெற்றி, மோவாய், கோபம் வந்தால் உதட்டை மடிக்கிற விதம் வரை. அவர் சிலேட்டில் எழுதி மகளிடம் நீட்டினார். மகள் ஓர் எழுத்துப் பிசகாமல் படித்தாள். அது ஒன்றைத்தான் மாற்றினேன், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை, மற்றதெல்லாம் சத்தியம். படித்து முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

மனைவி முழுக்கக் கேட்டாள்.

"நீ படிக்காதம்மா. அவர் சொல்லட்டும்."

சொல்லிவிட்டு, தியேட்டரில் சாய்வதுபோல அவர் வாயருகே காதைக் கொண்டுவந்தாள். அவர் சொன்னார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். உதடுகள் அசைந்தன. கழுத்துத் துணி மட்டும் மூச்சுக்காற்றில் படபடத்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் தலையை எடுத்துக்கொண்டாள்.