மாஸ்டரக்காவின் நாற்காலி

மாஸ்டரக்காவுக்கு அந்த நாற்காலியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. சட்டை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் மேசை அவளுடையது. தையல் பெண்கள் வைத்த பெயர்தான் மாஸ்டரக்கா. இப்போது அந்த மேசையில் வேறொருவன் நிற்க, அவள் மூலையில் உட்கார்ந்து பொத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மாதக் கடைசியில் மேசையை அவனுக்கே கொடுத்துவிடப்போவதாகப் பேச்சு.

முதுகெலும்பு மூட்டுகளில் வீக்கம். வந்து போகிற வியாதி இல்லை, வந்து தங்கிவிட்ட வியாதி. "மாத்திரை கட்டுப்படுத்தும், முழுசாப் போகாது. உட்கார்ந்தே இருக்காதீங்க, நடங்க" என்று டாக்டர் சொன்னதை அவள் வீட்டிலும் வேலையிடத்திலும் சொல்லிப் பார்த்தாள். யார் காதில் விழுந்தது? முதுகுவலி என்றால் படுக்க வேண்டும், உலகத்துக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். இந்த வலியோ தலைகீழ். படுத்தால் இறுகும், நடந்தால் இளகும். காலையில் குனிந்து செருப்பு மாட்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் நீள மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் துணியை இழுத்துக்கொண்டு நடந்து, அடுக்கடுக்காக விரித்து முடித்தால், பதினோரு மணிவாக்கில் முதுகு சொல்பேச்சு கேட்க ஆரம்பிக்கும். வேலையும் ஆனது, வைத்தியமும் ஆனது.

அதைப் பிடுங்கிக்கொண்டுதான் நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள். உட்கார உட்கார வலி கூடியது. அவள் நெளிவதைப் பார்த்து, "பாவம், நல்லவேளை உட்கார வச்சாங்க" என்று ஒருத்தி தன் வீட்டுத் தலையணையையே கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாள். வாய்விட்டுத் திட்டவும் முடியாது. அன்பாக அல்லவா கொல்கிறார்கள்!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சூப்பர்வைசரிடமே போனாள்.

"தம்பி, என் மேசைய எனக்குக் குடுங்க."

"எனக்கென்னக்கா? உங்க வீட்டுக்காரர்தான் வந்து கெஞ்சினாரு, அவளால நிக்கவே முடியல, உட்கார்ற வேலையாக் குடுங்கன்னு. அவரே வந்து சொல்லட்டும், மாத்திடறேன்."

முதுகு இவளுடையது, வலி இவளுடையது, வாய் மட்டும் அவருடையதாக இருக்க வேண்டுமாம்!

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அன்று சாயங்காலம் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில நீ எந்திரிக்கிறதப் பார்க்க முடியலம்மா. அதான் கேட்டேன்" என்றார் அவர்.

"காலையில மட்டும்தான நீங்க என்னைப் பார்க்கறீங்க? நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து பாருங்க."

சூப்பர்வைசரிடம் ஒரு நாளைக்கு மட்டும் என்று மேசையைக் கேட்டு வாங்கினாள். வேன் ஓட்டம் முடிந்து அவர் வந்து வாசலில் நின்றபோது, அவள் துணியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். சுருக்கத்தை நீவினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். கத்தரிக்கோலும் கையுமாக, பார்த்தீர்களா என்பதுபோல் அவரிடம் வந்தாள். அவர் முகம் என்னவோ சுருங்கிப்போயிருந்தது.

"இவ்வளவு நல்லா நடக்கறியே. அப்ப காலையில... கொஞ்சம் கூட்டிச் சொல்றியோ?"

கத்தரிக்கோலை முதலில் பக்கத்து மேசையில் வைத்தாள். அவர் நல்ல நேரம்.

"வலிக்குதுன்னா உட்காருங்கறீங்க. நடந்தா, வலியே இல்லங்கறீங்க. காலையில அழறதும் நான்தான், இப்ப நடக்கறதும் நான்தான். நம்பறதுன்னா ரெண்டையும் சேர்த்து நம்புங்க. இல்லன்னா வேனை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!"

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூப்பர்வைசர் மின்விசிறியை ஆராய்ச்சி செய்தார். வீட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பி, "மேசைய அவளுக்கே குடுத்துடுங்க சார்" என்று சொல்லிப் போய்விட்டார். இவள் தொண்டை வற்றக் கேட்டும் கிடைக்காதது அவருடைய ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டது. மேசை கிடைத்த சந்தோஷத்தைவிட அந்த எரிச்சல்தான் அன்று முழுவதும் இருந்தது.

மறுநாள் காலை வலி வழக்கம்போல வந்தது. சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தால், நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. நடுவில் நீளமாக வெற்றுத் தரை. தினமும் "இன்னும் கொஞ்சம் படு" என்று சொல்கிறவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"வா, நடப்போம்."

கையைப் பிடித்துக்கொண்டாள். அவரோ கண்ணாடிச் சாமான் சுமப்பவர்போல அரை அரை அடியாக வைத்தார். பாதிக் கூடம் வரை பொறுத்தாள்.

"ஏங்க, காலை எட்டி வைங்க. உங்க முதுகு நல்லாத்தானே இருக்கு?"