மிர்த்தா சொல்லாமல் விட்டது

மொந்தெவிதேயோ நகரத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மிர்த்தா ஒலாஸ்கோகாவுக்குப் பதினான்கு வருட சர்வீஸ். ஒரு வேலை தொடங்கும்போதே பதினோரு மாதத்துக்கான அட்டவணையைச் சுவர் நீளத்துக்கு அச்சடித்து ஒட்டிவிடுவாள். அவள் போட்ட தேதியைத் தாண்ட எல்லோருக்கும் பயம்.

ஆகஸ்டில் அந்தச் சுவரைக் காலி செய்தார்கள். இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடித்தவரை வாடிக்கையாளரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகவேண்டுமாம். அதை நடத்துவதற்குச் சால்த்தோ ஊர்க்காரி ஹிமேனா வந்தாள். சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு. தினமும் காலையில் கால்மணி நேரம் நின்றபடியே கூட்டம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடை என்று ஆளுக்கு நாலு வார்த்தை.

அந்தக் கூட்டத்தில் நிரல் எழுதும் பையன்கள் சிரித்தார்கள். அதுதான் மிர்த்தாவுக்குத் தாங்கவில்லை. தன்னிடம் வாய் திறக்காத நெல்சன்கூட, "ஹிமேனா, நேத்து நான் எழுதினது பூராவும் தப்பு, தூக்கிப் போட்டுட்டேன்" என்று கூசாமல் சொன்னான். எல்லோரும் மாற்றி மாற்றி உறிஞ்சும் மாத்தே தேநீர்க் குடுவை சுற்றி வரும்போது முதலில் ஹிமேனா கைக்குத்தான் போனது. வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அவளுடைய சிரிப்பு மிர்த்தாவின் காதில் கேட்டது.

முதல் வேலை, ஒரு பால் கூட்டுறவுக்கான கணக்குப் பதிவு. பண்ணைக்கு ஒரு நாளைக்குப் பால் அளவைப் பதிய ஒரே கட்டம் என்று ஹிமேனாவின் குழு எழுத ஆரம்பித்தது. காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியாகத்தான் எழுதவேண்டும், இரண்டிலும் கொழுப்பு வேறு என்பது மிர்த்தாவுக்குத் தெரியும். முன்பு அந்தக் கூட்டுறவுக்கு வேலை செய்தவள் அவள்.

"மிர்த்தா, உனக்கு ஏதாவது தடை இருக்கா?" என்று தினமும் கேட்டாள் ஹிமேனா.

"எனக்கென்ன தடை? ஒண்ணுமில்ல."

பத்து காலையும் அதையே சொன்னாள். வாடிக்கையாளரிடம் காட்டும் நாளில் ஹிமேனாவின் மூக்கு உடையட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது. கூட்டுறவின் தலைவர் பசீலியோ, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க மாடுங்க ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி கறக்குதே. சாயங்காலப் பாலை நான் எங்க ஊத்துறது?"

நெல்சனின் முகம் செத்துவிட்டது. மிர்த்தா ஹிமேனாவின் முகத்தைப் பார்த்தாள்.

பசீலியோ சிரித்தார். "பரவால்ல விடு. ரெண்டே வாரத்துல கண்ணுல காட்டிட்டீங்க. போனதடவை இந்த மிர்த்தா பதினோரு மாசம் கழிச்சுதான் காட்டினா. அப்ப ஒண்ணையும் மாத்த முடியல. நாங்க இன்னமும் பாதியை நோட்டுலதான் எழுதுறோம்."

பதினோரு மாதம் உழைத்துக் கொடுத்ததை அவர்கள் நோட்டால் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள் என்பது அன்றுவரை அவளுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

எல்லோரும் போனபின் ஹிமேனா அவளருகில் வந்தாள். "உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ தோக்கணும்னு நெனச்சேன்."

ஹிமேனா சிரிக்கவில்லை. "நெல்சன் ரெண்டு சனிக்கிழமை மகளைப் பாக்காம இங்க உக்காந்தான். என்கிட்ட சொல்லாத. அவன்கிட்ட சொல்லு."

மறுநாள் நின்றபடி நடந்த கூட்டத்தில், தெரிந்தே சொல்லாமல் விட்டதை எல்லோர் முன்னிலையிலும் நெல்சனிடம் சொன்னாள் மிர்த்தா. நெல்சன் ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை.

அதன்பின் வாரத்தில் ஒரு நாள் பண்ணைகளுக்குப் போய், அந்த நோட்டுகளைப் புரட்டி, விட்டுப்போனதை எல்லாம் சீட்டில் எழுதிவந்து ஒட்டுவது அவள் வேலையானது. அதை அவளைவிட நன்றாகச் செய்ய அங்கே ஆளில்லை. ஆனாலும் ஹிமேனாவைச் சுற்றிப் பையன்கள் சிரிக்கும்போது வயிறு எரியத்தான் செய்தது. தடை இருக்கிறதா என்று கேட்டால் மட்டும், இருப்பதைச் சொன்னாள்.